தண்டவாளம் முன்னே, கல்லூரி பின்னே!

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையே சின்னஞ்சிறு இரயில் நிலையம் ஒன்று உண்டு. இந்துக் கல்லூரி என்பது அதன் பெயர். வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில் என்று ஊர்ப்பெயர்களாகவே அடுக்கிக்கொண்டு போகும் நமது மேற்குத் தடத்திலே, கல்லூரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது அந்த நிலையம். காலை நேரத்தில் மின்வண்டி அங்கே வந்து நின்றதும், தோளில் பையும் கையில் சோற்றுப் பாத்திரமுமாக இளைஞர் கூட்டம் இறங்கிடும். தச்சர் மகன், தறி ஓட்டுபவர் மகள், சித்தாள் வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளை! காணக் கண் குளிரும் காட்சிதான். ஆனால், அந்தக் காட்சி காணக் கிடைப்பதற்கு இந்த மண் எத்தனை ஆண்டுகள் காத்துக் கிடந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சென்ற ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஒரு மாலை, என் வீட்டு வாயிலில் ஓர் இளைஞன் வந்து நின்றான். பள்ளியில் என்னிடம் பயின்றவன். தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் பணிபுரிபவர். மகன் நகரத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வரலாறு சேர்ந்து ஐந்தாறு வாரங்களே ஆகியிருந்தன.

"சார், நின்றுவிடலாம் என்று பார்க்கிறேன்."

"ஏன் தம்பி?"

"ஒன்றும் விளங்கவில்லை, சார். புரொபசர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போகிறார். மற்றவர்கள் எழுதுகிறார்கள். நான் அவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டிலும், 'ஹிஸ்டரி படித்து என்ன கிழிக்கப் போகிறாய், ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருந்தால் இரண்டு ஆண்டில் சம்பளமாவது வரும்' என்கிறார்கள்."

'விளங்கவில்லை' என்பது ஒன்று. 'விளங்கினாலும் பயன் என்ன?' என்பது மற்றொன்று. இரண்டையும் தன் தலையெழுத்து என்று கருதிவிட்டான் பையன். தலையெழுத்து என்று ஏதும் இல்லை என்று மேடை மேடையாகப் பேசுகிறோமே, அதை நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய நேரம் வரும்போது வாயடைத்துப் போகலாமா? அவனை உட்கார வைத்து அன்றிரவு நான் சொன்னவற்றைத்தான், சற்று விரித்து, இங்கே எழுதுகிறேன்.

1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னகத்தின் முதல் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. அது சென்ற வழி நம் வழிதான்! இன்று நாம் மின்வண்டியில் தொங்கிக்கொண்டு செல்லும் அதே மேற்குத் திசை. வயலில் நின்ற உழவன் வாய்பிளந்து பார்த்திருப்பான். மறு ஆண்டு, 1857 செப்டம்பர் 5ஆம் நாள், சென்னைப் பல்கலைக் கழகம் சட்டப்படி பிறந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அதே ஆண்டில் பல்கலைக் கழகங்கள் அமைந்தன. மூன்றுக்கும் இலண்டன் பல்கலைக் கழகமே மாதிரி. இருப்புப் பாதையும் பட்டப் பாதையும் ஓராண்டு இடைவெளியில் போடப்பட்டன. முன்னது நம் வயலோரமாகவே சென்றது; பின்னது நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்பத்தூர், ஆவடிச் சீமையிலே, அந்தத் தண்டவாளத்தின் ஓரத்திலே, பட்டாபிராமில், கலவல கண்ணன் செட்டியார் பெயரால் அமைந்த இந்துக் கல்லூரி எழுந்த ஆண்டு 1969. கணக்கிட்டுப் பாருங்கள், 113 ஆண்டுகள்! ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் சபலம் வரலாறு படித்தவனை விடாது, பொறுத்திடுக.

கல்லூரிப் படிப்பை வெள்ளையன் எதற்காகக் கொண்டுவந்தான் என்பதில் ஒளிவு மறைவு கிடையாது. 1835இல் மெக்காலே தமது குறிப்பை எழுதி, ஆளுவோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நின்று மொழிபெயர்த்துத் தர ஒரு வகுப்பை உருவாக்குவதே நோக்கம் என்று பச்சையாகவே சொல்லிவிட்டார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1839இல் சென்னை மக்கள் 70,000 பேர் கையொப்பமிட்டு, எங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று ஆளுநரிடம் விண்ணப்பம் தந்தனர். அதைக் கொண்டுபோய் அளித்தவர் அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன். 1841இல் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. 1855இல் அதுவே மாநிலக் கல்லூரியாயிற்று. வெள்ளையன் தனக்குக் கணக்கர் வேண்டுமென்று கதவைத் திறந்தான். உள்ளே நுழைந்தவர்கள் அவன் எண்ணியதை மட்டும் செய்துவிட்டு ஓயவில்லை!

முதலில் நுழைந்தவரைப் பாருங்கள். பல்கலைக் கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் வென்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர், வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர். பட்டம் பெற்றபின் அரசின் கணக்கு அலுவலகத்தில் பணி; பின்னர் சட்டம் பயின்று புதுக்கோட்டையில் நீதிபதி. மெக்காலே கண்ட கனவு பலித்துவிட்டது என்றுதானே எண்ணத் தோன்றும்? ஆனால் அந்தக் கணக்கர் செய்த வேலை என்ன தெரியுமா? செல்லரித்துப் போன ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடி எடுத்தார். படிக்குப் படி ஒப்பிட்டார். வீரசோழியம், இறையனார் களவியல், தொல்காப்பியப் பொருளதிகாரம் ஆகியவை அவர் கையால் அச்சேறின. 1887இல் கலித்தொகை வெளிவந்தது. பல படிகளை வைத்துப் பாடம் ஆராய்ந்து, எது மூலம், எது பிற்காலத்தார் நுழைத்தது என்று பிரித்தறியும் பயிற்சிதான் கலைக்கல்வியின் உயிர். ஆட்சியாளன் தன் வேலைக்காகக் கற்றுக்கொடுத்ததை அவர் தமிழின் வேலைக்குத் திருப்பிவிட்டார்.

அடுத்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. தத்துவம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்று, திருவனந்தபுரம் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். 1891இல் மனோன்மணீயம் வெளியிட்டவர் என்பதும், அந்நாடகத்தின் வாழ்த்துப் பாடலிலிருந்தே தமிழ்த்தாய் வாழ்த்து எடுக்கப்பட்டது என்பதும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவர் செய்த வேறொரு வேலை பலருக்குத் தெரியாது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பையன் 'விளங்கவில்லை' என்றானே, அதற்கு விடை அங்கேதான் கிடக்கிறது.

திருஞானசம்பந்தர் வாழ்ந்த காலம் எது? புராணத்தைக் கேட்டால் அற்புதங்களை அடுக்குமே தவிர ஆண்டைச் சொல்லாது. கால்டுவெல், பெருமைக்குரிய கால்டுவெல், அவரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். மார்க்கோ போலோ குறிப்பிடும் சுந்தர பாண்டியனும், சம்பந்தர் காலத்துக் கூன் பாண்டியனும் ஒருவரே என்று அவர் கொண்டதுதான் காரணம். பேரறிஞர் சொல்லிவிட்டார், தீர்ந்தது என்று சுந்தரம் பிள்ளை இருந்துவிடவில்லை. கல்வெட்டுகளையும் நூல்களையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, சம்பந்தர் அத்துணைப் பிற்பட்டவராக இருக்கவே முடியாது என்று 1890களில் நிறுவினார். பின்வந்த கல்வெட்டறிஞர் வெங்கையா மேலும் ஒரு கண்ணியைச் சேர்த்தார். சம்பந்தர் தம் பாடலில் சிறுத்தொண்டரைப் பெயர் சொல்லிப் பாடுகிறார். அந்தச் சிறுத்தொண்டர் வாதாபி மேல் படையெடுத்துச் சென்றவர் என்கிறது பெரியபுராணம். வாதாபியை வென்றவன் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன், 642ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஆகவே சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர்.

பள்ளியில் நான் என்ன செய்கிறேன்? 'சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு' என்று கரும்பலகையில் எழுதுகிறேன். பையன் எழுதிக்கொள்கிறான். தேர்வில் கேட்டால் எழுதிவிடுகிறான், மதிப்பெண் தருகிறேன். கல்லூரியோ அவனை நோக்கி, 'எப்படித் தெரியும்?' என்று கேட்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் 'என்ன?' என்ற கேள்விக்கு மட்டுமே விடை எழுதிப் பழகிய பிள்ளையை ஒரே கோடை விடுமுறைக்குப் பிறகு 'எப்படி?' என்ற கேள்வியின் முன்னே கொண்டுபோய் நிறுத்துகிறோம். திகைக்காமல் என்ன செய்வான்? வழிகாட்டி நூல்களை வாங்கச் சொல்லி, ஐந்து காரணங்களையும் ஆறு விளைவுகளையும் உருப்போடச் சொன்ன என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் அந்தத் திகைப்பிலே பங்குண்டு. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

தபால் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர் வாழ்வை 1904இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய வி. கனகசபைப் பிள்ளையும் இந்த வரிசையில் வந்தவரே. இவர்கள் எல்லாம் அன்றைய கலைக்கல்வி ஈன்ற பிள்ளைகள். தமிழனுக்குத் தன் பழமையைச் சான்றோடு பேசக் கற்றுக் கொடுத்தவர்கள். பிற்காலத்தில் நாம் மேடையேறி முழங்கிய வரலாறெல்லாம் இவர்கள் போட்ட அடித்தளத்தின் மீது எழுந்தது.

ஆனால் கதவு எல்லாருக்கும் திறந்திருந்ததா? பெரியபாளையத்தில் 1754இல் பிறந்தவர் பச்சையப்பர். நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். துபாசியாகப் பொருளீட்டி, நாற்பது வயதில் மறைந்தபோது செல்வத்தை அறத்துக்கு எழுதி வைத்தார். வழக்கு மன்றங்களில் பல்லாண்டு இழுபட்ட அந்தச் சொத்திலிருந்து 1842இல் பள்ளி பிறந்தது; 1889இல் அது முழுக் கல்லூரியாயிற்று. காஞ்சி நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை அண்ணாதுரை 1934இல் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தது அங்கேதான். அந்தக் கல்லூரியிலும் இந்து அல்லாதாருக்கு 1947 வரை இடமில்லை. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கோ நெடுங்காலம் கதவே திறக்கவில்லை. அறத்துக்கு எழுதி வைத்த பணத்திலும் சாதி புகுந்து காவல் நின்றது!

1914இல் சட்டமன்றத்தில் தரப்பட்ட ஒரு கணக்கு: பல்கலைக் கழகத்தில் பதிவு செய்த பட்டதாரிகள் 650 பேர். அவர்களுள் பார்ப்பனர் 452. பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124. ஏனையோர் 74. தொகையில் பெரியவர் எத்தனை பேர், பட்டத்தில் பெரியவர் எத்தனை பேர் என்பதை இந்த எண்களே சொல்லும். பார்ப்பனரல்லாதார்க்கு மூளை இல்லை என்று இதற்குக் காரணம் கூறியவர்கள் அன்று உண்டு. திருவல்லிக்கேணியில் மருத்துவராக இருந்த சி. நடேச முதலியார் வேறு காரணத்தைக் கண்டார். வெளியூரிலிருந்து வரும் பையன் எங்கே தங்குவான்? எங்கே உண்பான்? உணவு விடுதியில் சாதி பார்க்கிறார்கள்; வாடகைக்கு அறை கேட்டால் சாதி கேட்கிறார்கள். வயிற்றில் பசியும் தலைக்குமேல் கூரையும் இல்லாதவன் ஷேக்ஸ்பியரை எங்கே வைத்துப் படிப்பான்? 1916இல் நடேசனார் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்னும் மாணவர் விடுதியைத் தொடங்கினார். அங்கே உணவும் உறைவிடமும் மட்டுமல்ல, மாணவர்கள் கூடிப் பேசிப் பழக இலக்கியக் கழகமும் இருந்தது. இதை நான் மிகப் பெரிய செய்தியாகக் கருதுகிறேன். சோற்றுக்கு அடுத்தபடி அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது பேசிப் பழகும் இடம் என்பதை அந்த மருத்துவர் உணர்ந்திருந்தார். பின்னாளில் இந்தியாவின் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் அந்த இல்லத்தில் தங்கிப் பயின்றவர்களுள் ஒருவர். விடுதி சில ஆண்டுகளே நடந்தது, பணம் இல்லை.

பூவிருந்தவல்லிச் சாலை பரங்கிமலையிலிருந்து புறப்படுகிறதல்லவா, அந்தப் பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர் எம். சி. ராஜா. கிறித்துவக் கல்லூரியில் பயின்று பள்ளி ஆசிரியரானவர், பாடநூல்கள் எழுதியவர், பிறகு சட்டமன்றம் புகுந்து ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காக ஓயாது வாதாடியவர். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்பதால் அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்குச் சற்றுத் தலை நிமிர்கிறது. பெண்களுக்குக் கதவு இன்னும் பிந்தித் திறந்தது. இராணி மேரிக் கல்லூரி பிறந்தது 1914இல். பல்கலைக் கழகம் தோன்றி 57 ஆண்டுகளுக்குப் பின்!

சாதிச் சுவர் தளரத் தொடங்கிய வேளையில் மொழிச் சுவர் மிச்சம் நின்றது. உயர்நிலைப் பள்ளிகளில் தமிழே பாடமொழியாகி வேரூன்றிய பிறகும், கல்லூரி ஆங்கிலத்தைக் கட்டிக்கொண்டே நின்றது. 1956இல் இன்டர்மீடியட் ஈராண்டுப் படிப்பை எடுத்துவிட்டு, ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கொண்டுவந்தார்கள். பி.யூ.சி. என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் நினைவு வரும். பதினொரு ஆண்டு தமிழில் படித்துவிட்டு வரும் கிராமத்துப் பிள்ளை, ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலத்தில் கேட்கவும், எழுதவும், தேறவும் வேண்டும்! எத்தனை பேர் அந்த ஓராண்டுப் பள்ளத்தில் விழுந்து, 'பி.யூ.சி. பெயில்' என்ற பெயரோடு ஊர் திரும்பினார்கள்! விழுந்தவனை மக்கு என்றார்கள். பள்ளத்தை யார் வெட்டினார் என்று கேட்பாரில்லை. 1978இல் மேல்நிலைப் பள்ளி வகுப்புகள் வந்தபின் அந்த ஓராண்டு கல்லூரியைவிட்டு அகன்றது.

தமிழில் பட்டப்படிப்பைக் கற்பிக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு விடை கோவையில் கிடைத்தது. 1960இல், சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராக இருந்த காலத்தில், கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பு தமிழ் வழியில் தொடங்கப்பட்டது. நல்லதை எவர் செய்தாலும் நல்லதே. ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவில்லை. பாடநூல் எங்கே என்று கேட்டனர் சிலர். அரசின் தமிழ் வெளியீட்டுக் கழகம் வரலாறு, பொருளியல், அரசியல் நூல்களைத் தமிழில் கொண்டுவந்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்திருந்தது. முடியாது என்ற சொல்லுக்கு அவை அச்சில் வந்த மறுப்புகள். அதே கோவைக் கல்லூரியில்தான், 2024 ஆகஸ்டில், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் ஆண் மாணவர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022இலேயே வந்துவிட்டது.

சரி, வீட்டார் கேட்ட கேள்விக்கு வருவோம். பயன் என்ன? அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. நம் சீமை இயந்திரச் சீமை. பெரம்பூரில் 1955இல் இரயில் பெட்டித் தொழிற்சாலை, அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை, தொழிற்பேட்டை, 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை என்று இரும்பு நமக்குச் சோறு போட்டது. 1984இல் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு வழிவிட்டபின், ஆவடியைச் சுற்றியும் பூவிருந்தவல்லிக்கு மேற்கேயும் ஏரிக்கரை தோறும் அவை முளைத்தன. பொறியியல் கிடைத்தவன் வென்றவன், கலைக்கல்லூரிக்குப் போனவன் தோற்றவன் என்ற எண்ணம் தெருவெங்கும் பரவிற்று. கடன் வாங்கிப் பொறியியல் முடித்தவனும் வேலைக்கு அலைந்த கதையை அதே தெரு பேசுவதில்லை. பொறியியலை நான் பழிக்கவில்லை. பாலம் கட்டத் தெரிந்தவன் வேண்டும். அந்தப் பாலம் எந்தச் சேரியை இடித்துக்கொண்டு போகிறது, இழப்பீட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, மனு எப்படி எழுதுவது என்று கேட்கத் தெரிந்தவனும் அதே தெருவில் வேண்டும். ஆசிரியர், வழக்கறிஞர், வட்டாட்சியர், செய்தியாளர் எனப் பலரும் வந்த வழி கலைக்கல்லூரியே. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டமும் 2010இல் வந்தது. இதையும் அவன் தந்தையிடம் சொன்னேன். அதைக் கேட்டபோதுதான் அவர் முகம் சற்றுத் தெளிந்தது!

பூவிருந்தவல்லியில், விடுதலைக்கு முன்பே தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. புள்ளி எழுத்தை விரலால் தடவிப் பயின்று அங்கிருந்து வெளிவரும் பிள்ளைகளுக்குச் சோதனைக் கூடப் படிப்புகள் கைகொடுக்கவில்லை. தமிழும் வரலாறும் ஆங்கில இலக்கியமுமே பெரும்பாலும் அவர்களுக்கு வழிவிட்டன. நான் கல்லூரியில் பயின்றபோது என் வகுப்பில் அப்படி ஒரு தோழர் இருந்தார். நாங்கள் உரக்கப் படிப்போம், அவர் கேட்பார். படித்து முடித்ததும், "இந்த ஆசிரியர் முன்பக்கத்தில் சொன்னதற்கு இது முரணாக இருக்கிறதே!" என்பார். கண்ணால் படித்த நாங்கள் எவரும் அந்த முரணைக் கண்டிருக்க மாட்டோம். கல்லூரியில் எப்படிப் படிப்பது என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவரே என்று சொன்னால் மிகையாகாது.

அந்தத் தோழரிடம் கற்றதையே மாணவனுக்குச் சொன்னேன். பாடத்தைத் தமிழ் நூலில் முதலில் படித்துவிட்டு வகுப்புக்குப் போ. பொருள் தெரிந்துவிட்டால் ஆங்கிலச் சொல் தானே பிடிபடும். ஒருநாளைக்குப் பத்துச் சொல் குறித்துக்கொள். விளங்காதபோது கையைத் தூக்கிக் கேள். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். தனியே உட்காராதே, உன்னைப்போல் விழிக்கும் இருவரைச் சேர்த்துக்கொண்டு, ஒருவர் படிக்க மற்றவர் கேளுங்கள். திராவிடர் இல்லத்தை நீங்கள் மூவரும் மின்வண்டிப் பெட்டியிலேயே நடத்தலாம், வாடகை இல்லை!

அவன் நிற்கவில்லை. முதல் பருவத்தில் ஆங்கிலத் தாளில் தோற்றான். அடுத்த முறை எழுதித் தேறினான். சென்ற திங்கள் என்னைத் தேடி வந்தான். கையில் பழைய பள்ளிக் குறிப்பேடு. நான் ஒன்பதாம் வகுப்பில் எழுதிப் போட்ட ஓர் ஆண்டைச் சுட்டிக் காட்டி, "சார், இந்த ஆண்டை எதை வைத்துச் சொன்னீர்கள்?" என்று கேட்டான்.

பாடநூலில் இருந்தது என்றேன். பாடநூலுக்கு எங்கிருந்து கிடைத்தது என்றான். எனக்குத் தெரியவில்லை. வரும் சனிக்கிழமை இருவருமாக எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். காலை எட்டரை மின்வண்டி.